மாதவிலக்கு நிற்கும் பருவமும் ஓமியோபதி மருந்துகளும்

(வேங்கிக்காலில் கூடிய நம் சங்கத்து மாதக் கூட்டத்தில், மாதர் பகுதியினர் வேண்டுகோளுக்கிணங்கி நிகழ்த்திய சொற்பொழிவு)

  

இன்று எமக்கு இடப்பெற்ற பொருள், ஓர் ஆடவன் அவை நடுவே நின்று பேசுதற்கு எளிய பொருளன்று. சென்ற திங்கள் மாதர் பகுதியினர் கூடியிருந்தபோது, நாற்பத்தைந்து ஐம்பது அகவை எய்திய சகோதரிமார் பலர், உடம்பில் திடீரென எழும் அனல், இரவில் உறக்கமின்மை, காரணமற்ற சினம் முதலியவற்றுக்கு ஓமியோபதிச் சர்க்கரை உருண்டைகளை உண்டு வருவதாகவும், அது தக்கதோ தகாததோ என அறிய விரும்புவதாகவும் கூறினராம். "பள்ளிக்கூடத்து ஐயாவிடம் அந்த மருந்துப் பெட்டி உண்டே, அவரையே கேளுங்கள்" என்று எவரோ எம்மைக் காட்டிக் கொடுத்துவிட்டனர். பெட்டி உண்டு என்பது மெய். அதனை யாம் இப்போது திறப்பதில்லை என்பதும் மெய். அதன் காரணத்தைச் சொல்லாமல் இப்பொருளைப் பற்றி எம்மாற் பேசவியலாது. ஆயினும் அதனை அதற்குரிய இடத்தில் கூறுவோம்.

யாம் மருத்துவர் அல்லேம், தமிழாசிரியர். ஆகலின் முதற்கண் சொல்லிலிருந்தே தொடங்குகின்றோம். உலா என்னும் நூல்வகையைப் பள்ளியிற் படித்தவர் அறிவர். தலைவன் வீதியில் உலாப்போதுங்கால் அவனைக் கண்டு மயங்கும் மகளிரைப் புலவர்கள் ஏழு பருவமாக வகுத்தனர்: பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண். ஒவ்வொரு பருவத்துக்கும் அகவை வரையறையும் கூறினர். நூலுக்கு நூல் சிறு வேறுபாடு உண்டாயினும், இறுதிப் பருவமாகிய பேரிளம்பெண்ணுக்குப் பெரும்பாலும் 32 முதல் 40 வரை என்பர். அந்நாற்பதுடன் கணக்கு முடிந்தது. நாற்பத்தொன்றாம் ஆண்டில் அப்பெண் எங்குச் சென்றாள்? வீதியிலிருந்து வீட்டினுள்ளே சென்றாள் போலும்! பருவந்தோறும் பெயரிட்டு மகிழ்ந்த நம் புலவர்கள், இன்று நாம் பேசப் புகுந்த பருவத்துக்கு ஒரு பெயரும் இட்டிலர்.

தொடக்கத்துக்கோ பெயர்கள் குறைவில்லை. பூப்பு, பூப்பெய்துதல், பெரியவளாதல், வயதுக்கு வருதல், சமைதல் என எத்தனை சொற்கள்! தொல்காப்பியர் கற்பியலிலே பூப்பின் பிந்திய பன்னிரு நாட்களைப் பற்றி வெளிப்படையாகவே விதி கூறினர். நம் மரபில் இன்றும் ஒரு சிறுமி பூப்பெய்தின், தாய்மாமன் சீர் கொண்டு வருகிறார். மஞ்சள் நீராட்டு நடைபெறுகிறது. இந்நாளில் தெருமுனையில் அவள் படத்தோடு பெரும் பதாகையும் எழுகின்றது. அது வேண்டுமா என்பது வேறு வழக்கு. முப்பது முப்பத்தைந்து ஆண்டுகட்குப் பின் அதே பெண்ணுக்கு அது நிற்குங்கால், வீட்டில் உள்ள ஒருவருக்கும் செய்தி தெரிவதில்லை. "நின்று போயிற்று" என்ற ஒரு சொல்லைத் தங்கையிடமோ அண்டை வீட்டம்மையிடமோ தாழ்ந்த குரலிற் கூறுவதோடு சரி. பெயரில்லாத நோய்க்கு மருந்து கேட்பது எங்ஙனம்? மருந்துக் கடைக்குச் சென்று "உடம்பு காந்துகிறது" என்கின்றனர். அல்லது ஓமியோபதிப் பெட்டி வைத்திருக்கும் எம் போன்றவனிடம், மனைவி வழியாகச் சொல்லி அனுப்புகின்றனர்.

நிற்க. உடம்பில் நிகழ்வது யாது? பெண்ணின் சினைப்பைகள் இரண்டும் முட்டை முதிர்விப்பதோடு ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்புநீரையும் குருதியிற் கலந்து வருகின்றன. நாற்பதைக் கடந்தபின் அச்சுரப்பு ஏறியும் இறங்கியும் தடுமாறி, முடிவில் மிகக் குறைந்துவிடுகிறது. வேறு காரணமின்றிப் பன்னிரண்டு திங்கள் தொடர்ந்து விலக்கு நிகழாதிருப்பின், அது முற்றும் நின்றது எனக் கொள்வர். மேனாட்டு மாதர்க்கு இது சராசரியாக 51ஆம் அகவையளவிலும், நம் நாட்டு மாதர்க்கு நான்கைந்து ஆண்டு முன்னதாக 46, 47 அளவிலும் நிகழ்கின்றது. நாற்பதுக்கு முன்னரே நிற்குமாயின் அஃது இயல்பன்று. கட்டாயம் மருத்துவரைக் காணவேண்டும். அறுவையால் சினைப்பைகள் நீக்கப்பெற்றவர்க்கு இம்மாறுதல் ஒரே நாளில் வந்து சேரும். அவர் படும் துன்பமும் மிகுதி.

மூளையின் அடிப்பகுதியில் உடம்பின் வெப்பத்தைக் காக்கும் பகுதி ஒன்று உளது. ஈஸ்ட்ரோஜன் குறையுங்கால் அங்குள்ள நரம்பணுக்கள் சில அளவிறந்து கிளர்ச்சியுற, உடம்பு சிறிதளவே சூடேறினும் பெருஞ்சூடு வந்ததெனக் கொண்டு அதனை வெளியேற்ற முனைகின்றது. அதுவே நெஞ்சிலிருந்து முகத்துக்குக் குபீரென எழும் அனல்; தொடர்ந்து வியர்வை; படபடப்பு; பின்னர்க் குளிர். சில நிமிடங்களில் அடங்கும். நாளில் ஒருமுறையும் வரலாம், இருபது முறையும் வரலாம். எத்துணைக் காலம்? "ஆறு மாதத்திற் சரியாகும்" என்று பாட்டிமார் ஆறுதல் கூறுவர். அமெரிக்க மாதரிடையே பல்லாண்டு நிகழ்ந்த ஆய்வொன்றின் முடிவு 2015இல் வெளிவந்தது. அனலெழுச்சி நீடித்த காலம், நடுவளவாக, ஏழாண்டுக்கும் மேற்பட்டது எனக் கண்டனர். ஏழாண்டு! அண்ணாமலையின் சித்திரை வெயிலில், அடுப்பங்கரையில், ஈரம் தோய்ந்த இரவிக்கையோடு ஏழாண்டு ஒருத்தி இதனைப் பொறுத்திருக்க, அவள் கணவன் "உனக்கு மட்டும் ஏன் எப்போதும் விசிறி?" என்று வினவிக்கொண்டிருக்கிறான். இதனோடு உறக்கமின்மை, மூட்டு நோவு, மறதி, நீர்க்கடுப்பு, உறுப்பு வறட்சி ஆகியனவும் சேரும். எலும்பு உட்குறைந்து மெலிவதோ ஒரு நோவும் காட்டாமல் நிகழும்.

இனி மருந்துக்கு வருவோம். ஓமியோபதியைக் கண்டவர் செருமானிய நாட்டுச் சாமுவேல் ஹானிமன் என்னும் மருத்துவர். 1755இல் பிறந்து 1843இல் மறைந்தவர். அவர் காலத்து மருத்துவம், நோயாளியின் குருதியைக் கத்தியாற் கீறி வடித்தும், பாதரசத்தை ஊட்டியும், நோயைக் காட்டிலும் விரைந்து ஆளைக் கொன்றது. அதனை வெறுத்து அவர் வேறு வழி தேடினார். நலமுள்ளவனுக்கு எப்பொருள் எக்குறியை உண்டாக்குமோ, அதே குறியுடைய நோயாளிக்கு அப்பொருளைச் சிற்றளவில் ஈந்தால் நோய் தீரும் என்பது அவர் கொள்கை. முள்ளை முள்ளால் எடுத்தல் என்று நாம் சொல்லிக் கொள்ளலாம். 1810இல் தம் கொள்கையை நூலாக வெளியிட்டார்.

இம்முறை வங்கத்தின் வழியாகவே நம் நாட்டுக்கு வந்தது என்று பலர் எண்ணுவர். 1867இல் கல்கத்தாவின் பெயர்பெற்ற மருத்துவர் மகேந்திரலால் சர்க்கார் இதனை வெளிப்படையாக ஏற்றுக்கொண்டு, ஏனைய மருத்துவரால் ஒதுக்கப்பட்டது பெருநிகழ்ச்சியே. ஆயினும் அதற்கு இருபதாண்டு முன்னரே, 1846ஐ ஒட்டி, சாமுவேல் புரூக்கிங் என்னும் ஆங்கில மருத்துவர் தஞ்சாவூரில் ஓமியோபதி மருத்துவமனை ஒன்று நிறுவினார். மராட்டிய மன்னர் அரியணையில் இருந்த காலம் அது. ஆகவே காவிரி நாட்டுக்கு இம்மருந்து புதிதன்று. 1973இல் நடுவணரசு இதற்குத் தனிச் சட்டம் இயற்றியது. மதுரையை அடுத்த திருமங்கலத்தில் அரசினர் ஓமியோபதிக் கல்லூரி 1975 முதல் நடைபெறுகின்றது. ஐந்தரை யாண்டு கற்றுப் பட்டம் பெற்றோர் பலர் நம் நாட்டில் உளர். அவர்களை எள்ளுதல் எம் கருத்தன்று என்பதை இங்கேயே கூறிவிடுகின்றோம்.

எம்மை இம்முறைபால் ஈர்த்தது எது? மருத்துவ உண்மை அன்று, இலக்கியச் சுவையே. புலவர் பயிற்சி முடித்துப் பணியேற்ற புதிதில், பழைய புத்தகக் கடையொன்றில் ஓமியோபதி மருந்துக் குணநூலின் தமிழ் ஆக்கம் ஒன்று கிடைத்தது. பிரித்துப் படித்தோம், திகைத்தோம். அது மருந்துப் பட்டியலா, மெய்ப்பாட்டியலா என்னும் ஐயம் எழுந்தது. ஒவ்வொரு மருந்தும் ஒரு பெண்ணாக நடமாடிற்று. செப்பியா என்பது கணவாய் மீனின் மையினின்று செய்யப்படுவது. அம்மருந்துக்குரியவள், உழைத்து உழைத்துச் சலித்தவள். அடிவயிறு கீழே இழுப்பதுபோல் உணர்பவள். தான் பெற்ற மக்கள்மீதும் கணவன்மீதும் பற்று வற்றியவள். விரைந்து நடந்தால் மட்டும் சற்றே தெளிபவள். லாக்கசிஸ் என்பது தென்னமெரிக்கக் காட்டுப் பாம்பொன்றின் நஞ்சு. 1828இல் சூரினாம் நாட்டில் ஹெரிங் என்பார் அதனைத் தம்மீதே ஆய்ந்து மருந்தாக்கினார். அதற்குரியவள், கழுத்தில் தாலிச்சரடு இறுகினும் பொறாதவள்; ஓயாது பேசுபவள்; ஐயமும் பொறாமையும் மிக்கவள்; உறங்கி எழுந்தவுடன் நோவு மிகுபவள். பல்சட்டிலாவுக்குரியவளோ சொன்ன சொல்லுக்கு அழுபவள், தேற்றினால் தேறுபவள், காற்றோட்டத்தை நாடுபவள், தாகமில்லாதவள். கன்னமும் உள்ளங்கையும் எரிபவளுக்குச் சாங்குனேரியா. இரவில் பாதம் காந்திப் போர்வைக்கு வெளியே நீட்டுபவளுக்குக் கந்தகமாகிய சல்பர். பருத்த உடம்பும் தலையில் வியர்வையும் உடையவளுக்குச் சிப்பியோட்டிற் பிறந்த கல்கேரியா.

அகப்பாடல்களில் தோய்ந்தவனுக்கு இது விருந்தன்றோ! பெட்டி ஒன்று வாங்கினோம். விலக்கு நிற்கும் பருவத்துக்கு நூலார் கூறும் மருந்துகள் எல்லாம் அதில் இருந்தன. பள்ளி முடிந்து மாலையில் நம்மவர் இல்லங்களிலிருந்து வருவோர்க்கு இனாமாகக் கொடுத்தோம். அவர்களுள் பெரும்பாலார் இப்பருவத்து மாதரே. கையொப்பமிட்ட ஒரு தாளும் இல்லாமல், பதிவு பெறாத ஒருவன் மருத்துவம் செய்தல் சட்டத்துக்குப் புறம்பு என்பதை அன்று யாம் கருதவில்லை; ஊரும் கருதவில்லை. "ஐயா கைராசி" என்ற பெயர் மட்டும் பரவிற்று.

அம்மருந்து எத்துணை நுண்ணியது என்பதைச் சிறிது கணக்கிட்டுக் காண்போம். மூலச்சாறு ஒரு துளி. தொண்ணூற்றொன்பது துளி சாராயக் கலவையில் கலந்து குலுக்குவர். அது முதற்படி. அதில் ஒரு துளி எடுத்து மீண்டும் தொண்ணூற்றொன்பதில் கலப்பர். அது இரண்டாம் படி, பதினாயிரத்தில் ஒன்று. இவ்வாறே செல்லின், 13ஆம் படியிலேயே, ஒரு துளியை இவ்வுலகத்துக் கடல்கள் அனைத்திலும் கலந்ததனினும் மெலிந்துவிடுகிறது. கடைகளிற் பெரிதும் விற்பதோ 30ஆம் படி. ஒன்றன்பின் அறுபது சுழி இடுங்கள்; அத்தனையில் ஒரு பங்கு. ஒரு பொருளை எண்ணிறந்து பிரித்துக்கொண்டே போக இயலாது; அணுத்திரள் என்னும் எல்லை உண்டு என்பதைப் பத்தாம் வகுப்பு மாணவனும் இன்று அறிவான். அவ்வெல்லை 12ஆம் படியளவில் கடக்கப்படுகின்றது. அப்பாற்பட்ட உருண்டையில் கணவாயின் மையும் இல்லை, பாம்பின் நஞ்சும் இல்லை, சர்க்கரையே உளது. தண்ணீருக்கு நினைவு உண்டு என்று சிலர் விடை கூறுவர். அந்நினைவை அளந்து காட்டினார் இலர்.

இடையே ஓர் எச்சரிக்கை. மூலச்சாறு என்றும் தாய்த்திரவம் என்றும் விற்கப்படுவன இக்கணக்கில் அடங்கா. அவற்றில் மூலிகைப் பொருள் மெய்யாகவே உண்டு. இப்பருவத்துக்கெனப் பெயர்பெற்ற சிமிசிபூகா என்னும் வடவமெரிக்கச் செடியின் வேர்ச்சாற்றை உண்டவருள், அரிதாகச் சிலர்க்குக் கல்லீரல் ஊறு நேர்ந்ததாகப் பதிவுகள் உள. "ஓமியோபதிதானே, ஒன்றும் செய்யாது" என்று அதனைக் கரண்டி கரண்டியாகப் பருகுதல் பேதைமை.

"ஐயா, உம் கணக்கு இருக்கட்டும், எனக்குக் குறைந்ததே!" என்று ஓர் அம்மையார் கேட்கக்கூடும். நன்று. அவர் பொய் கூறவில்லை. இதற்கு விடையாக யாம் படித்தவற்றுள் மிக வியப்புக்குரியது ஒன்று உண்டு. அனலெழுச்சி மருந்துகளை ஆராயும்போது, ஒரு சாரார்க்கு மருந்தும் மற்றொரு சாரார்க்கு அதேபோல் தோன்றும் வெறுமருந்தும் கொடுப்பர். யார்க்கு எது என்று உண்பவர் அறியார். அத்தகைய ஆய்வுகள் பலவற்றைத் திரட்டி 2004இல் வெளியிட்ட தொகுப்பொன்றில், வெறுமருந்து உண்ட மாதர்க்கே அனலெழுச்சி ஏறத்தாழ 58 விழுக்காடு குறைந்தது எனக் கண்டனர். பாதிக்கு மேல்! காலம் செல்லச் செல்லத் தானே தணிவது ஒரு பங்கு. ஒருவர் கேட்டு, குறித்து, மீண்டும் வரச் சொல்லி ஆற்றுவிக்கும் பங்கு மற்றொன்று. அதே தொகுப்பில், ஈஸ்ட்ரோஜன் மருந்து உண்டவர்க்கு அவ்வெறுமருந்தினரோடு ஒப்பிட்டும் 75 விழுக்காடு குறைந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

ஓமியோபதியையும் இம்முறையில் ஆராய்ந்துளர். மார்பகப் புற்று நீங்கிய மாதர்க்கு ஈஸ்ட்ரோஜன் கொடுத்தல் ஆகாது. ஆகவே அவர் நிலை இரங்கத்தக்கது. அத்தகையோரிடத்து அமெரிக்காவில் 83 பேரைக் கொண்டும், பிரிட்டனில் 53 பேரைக் கொண்டும் நிகழ்ந்த இரு ஆய்வுகள் 2005இல் வெளியாயின. அமெரிக்க ஆய்வில் ஓமியோபதி உண்டவரின் பொதுநலம் சற்று மேம்பட்டது என்பதை மறைத்தல் நேர்மையன்று; ஆயினும் அனலெழுச்சியைப் பொறுத்தமட்டில் வெறுமருந்தினும் மேலானது என்பது இரண்டிலும் நிறுவப்படவில்லை. நம் நாட்டு ஓமியோபதி ஆராய்ச்சி மன்றத்தாரும் பல ஊர்களில் ஆராய்ந்து, செப்பியா, லாக்கசிஸ் முதலியவற்றால் மாதர் நலம் பெற்றனர் என 2011இல் எழுதினர்; அதில் ஒப்பிடுதற்கு வெறுமருந்துச் சாரார் இலர் என்பதே குறை. 58 விழுக்காட்டை நினைவிற் கொண்டால் அக்குறையின் பெருமை விளங்கும். ஆஸ்திரேலிய அரசின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் 2015இல், எந்நோய்க்கும் ஓமியோபதி பயன்படும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை என முடிவு கூறிற்று.

எம் பெட்டி செய்தது யாதென்று இப்போது எமக்கு விளங்குகின்றது. எம்மிடம் வந்த சகோதரியை, "இரவில் போர்வை வேண்டுமோ, வேண்டாவோ? எதை நினைத்தால் அழுகை வருகிறது? காலையில் மிகுதியோ மாலையிலோ?" என்று வினவினோம். முப்பதாண்டு இல்லறத்தில் அவளை எவரும் அவ்வாறு வினவியதில்லை. மாமியார் வினவவில்லை, கணவன் வினவவில்லை, நீண்ட வரிசையில் இரண்டு நிமிடம் பார்க்கும் மருத்துவருக்கும் அதற்கு நேரமில்லை. வினாவே பாதி மருந்தாயிற்று. உருண்டை, அவ்வினாவுக்கு ஒரு சாக்கு.

எனின், சர்க்கரைதானே, உண்டால் என்ன கேடு என்பீர். எம் இல்லத்துச் செய்தியைக் கூற இதுவே இடம்.

எமக்கு மூத்த தமக்கையார் ஒருவர் உளர். செங்கத்துப் பக்கம் வாழ்க்கைப்பட்டவர். ஐம்பதாம் அகவையில் அவர்க்கு விலக்கு நின்றது. அனலுக்கும் உறக்கமின்மைக்கும் எம் பெட்டியிலிருந்தே மருந்து சென்றது. "தம்பி மருந்து கேட்கிறது" என்று மகிழ்ந்து பலர்க்கும் சொன்னார். மூன்றாண்டு கழிந்தபின், 2018ஆம் ஆண்டு ஐப்பசித் திங்களில், எம் மனைவி ஒருநாள் சோறு பரிமாறுங்கால், "அக்காளுக்கு மறுபடியும் காணுகிறதாம், ஏதாவது மருந்து கொடுக்கச் சொன்னார்" என்றார். யாம் மேலே ஒன்றும் வினவவில்லை. பிறர் மனைவியரை ஐம்பது வினா வினவிய யாம், உடன்பிறந்தாளை ஒரு வினா வினவக் கூசினோம். அவரும் எம்மிடம் நேரே சொல்லக் கூசியே மனைவி வழியாகச் சொன்னார். குணநூலைப் புரட்டினோம், அடிவயிறு இழுப்பு, சலிப்பு, குருதிப்போக்கு, செப்பியா என முடிவு கட்டினோம். பொட்டலம் சென்றது. நின்றது என்றார், மீண்டும் வந்தது என்றார், படியை உயர்த்தினோம். இவ்வாறு ஏழு திங்கள்.

அடுத்த வைகாசியில் அவர் மகள் ஊரிலிருந்து வந்து, தாயின் முகம் வெளுத்திருப்பதைக் கண்டு, ஒருவரையும் கேளாமல் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றாள். கருப்பையை ஒலியலைக் கருவியாற் பார்த்தனர், உட்சுவர் தடித்திருந்தது, சிறு துணுக்கு எடுத்து ஆராய்ந்தனர், புற்று. மருத்துவ அம்மையார் எம்மை நோக்கி, "முதலில் எப்போது கண்டது?" என்றார். யாம் விடை கூறினோம். அவர் ஒன்றும் கூறாமல் ஏட்டில் எழுதிக்கொண்டார். அவர் வைதிருந்தால் எமக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அறுவை நிகழ்ந்தது, கதிரொளி மருத்துவமும் வேண்டியதாயிற்று. தமக்கையார் உயிரோடு உளர். ஏழு திங்களுக்கு முன் சென்றிருப்பின் கதிரொளி வேண்டியிராதோ என்று ஒருமுறை வினவினோம்; "இருக்கலாம்" என்றனர். படுக்கையில் இருந்தபடி தமக்கையார் எம்மைக் கேட்டது ஒன்றே: "தம்பி, உன் மாத்திரையாலா இது வந்தது?" "இல்லை அக்கா, மாத்திரையால் வரவில்லை, மாத்திரையை நம்பி நாள் போயிற்று" என்றோம். சற்று நேரம் மின்விசிறியைப் பார்த்திருந்து, "அப்படியானால் உன்னிடம் மருந்து வாங்குகிறவர்களுக்கெல்லாம் சொல்லிவிடு" என்றார். இதுவரை வீடு வீடாகச் சென்று சிலர்க்குச் சொன்னோம். அவையில் சொல்லுவது இன்றே.

ஆகவே சகோதரிகளே, விலக்கு ஓராண்டு முற்றும் நின்றபின் ஒரு துளி குருதி காணினும், அது விலக்கன்று. "மறுபடியும் வந்தது" என்ற சொல்லே தவறு. கருப்பை உட்சுவர்ப் புற்று உற்ற மாதருள் பத்தில் ஒன்பதின்மருக்கு இக்குருதிப்போக்குக் காணப்பட்டதாக 2018இல் வெளியான தொகுப்பாய்வு கூறுகின்றது. மறுபக்கமும் கேளுங்கள்: இவ்வாறு குருதி கண்டவர் எல்லார்க்கும் புற்று இல்லை, நூற்றுவருள் ஒன்பதின்மர் அளவிலேயே அது காணப்பட்டது. எஞ்சியோர்க்கு வறட்சி, சிறு கட்டி போன்ற எளிய காரணங்கள். ஆதலின் அஞ்சவும் வேண்டா. ஒரு கிழமையும் தாழ்க்கவும் வேண்டா. நிற்பதற்கு முன்னைய ஆண்டுகளிலும், பஞ்சு பஞ்சாக நனையும் பெரும்போக்கும், கூடலின்பின் காணும் குருதியும், நாற்றமுடைய நீரும், மார்பில் தட்டுப்படும் கட்டியும் உருண்டைக்கு உரியன அல்ல. படபடப்பும் வியர்வையும் எல்லாம் இப்பருவத்தனவே என்றும் கொள்ளற்க. கேடயச் சுரப்பிக் கோளாறு அதே வேடம் பூண்டு வரும். ஒரு குருதிச் சோதனையில் அது வெளிப்படும்.

அனலைத் தணிக்க மெய்ம்மருந்து உண்டோ எனின், உண்டு. ஈஸ்ட்ரோஜன் மருந்தைப் பற்றி நம்மவரிடையே பேரச்சம் நிலவுகின்றது. அதன் வேர் 2002ஆம் ஆண்டில் உளது. அமெரிக்காவில் நிகழ்ந்த பேராய்வொன்றில், ஈஸ்ட்ரோஜனோடு மற்றொரு சுரப்புமருந்தையும் சேர்த்து உண்டவர்க்கு மார்பகப் புற்று, பதினாயிரம் மாதர்க்கு ஆண்டொன்றுக்கு எட்டுப் பேர் அளவில் மிகுந்தது எனக் கண்டு இடையில் நிறுத்தினர். உலகமே அம்மருந்தைக் கைவிட்டது. அவ்வாய்வில் இருந்தோரின் சராசரி அகவை 63 என்பதைப் பலர் நோக்கவில்லை. அறுபதுக்கு உட்பட்டவர்க்கும், விலக்கு நின்று பத்தாண்டு கடவாதவர்க்கும், வேறு தடையில்லையேல், தீமையினும் நன்மையே மிகுதி என்பது இன்று மருத்துவர் பலரும் ஏற்கும் முடிவு. மார்பகப் புற்றோ, குருதிக் கட்டோ, கல்லீரல் நோயோ உற்றவர்க்கு அது விலக்கு. அவர்க்கும் ஈஸ்ட்ரோஜன் கலவாத மருந்துகள் வேறு உள. எதனையும் மருத்துவரே ஆய்ந்து தருதல் வேண்டும். அடுத்த வீட்டம்மையின் சீட்டைக் காட்டிக் கடையில் வாங்கலாகாது. எலும்புக்குக் கேழ்வரகும் பாலும் கீரையும் காலை வெயிலும் நடையும். கிரிவலப் பாதை பதினான்கு கிலோமீட்டர் நம் வாயிற்படியில் கிடக்கின்றது. அதற்குப் பௌர்ணமி வரை காத்திருப்பானேன்?

ஓமியோபதி உருண்டையை முற்றும் விடுக என்று யாம் ஆணையிடவில்லை. பட்டம் பெற்ற மருத்துவரிடம் உண்டு ஆறுதல் பெறுவோர் பெறுக. முதலில் பரிசோதனை, பின்னர் உருண்டை என்னும் வரிசை மாறாதிருந்தாற் போதும். பதிவு பெறாத எம் போன்றாரிடம் வாங்குவதை மட்டும் இன்றோடு விடுங்கள். கைப்பேசியில் வரும் "நாற்பது நாளில் சுரப்புநீர் சமன்" என்னும் விளம்பரங்களையும் அவ்வாறே.

ஆடவர்க்கு ஒரு சொல். மனைவி சினந்தால் சனியின் பார்வை என்று சோதிடரிடம் ஓடாதீர். இரவில் எத்தனை முறை எழுந்தாள் என்று கேளுங்கள். அவள் வியந்து போவாள். முதலில் ஐயுறவும் கூடும்.

மாதர் பகுதியினர், முப்பது அகவை கடந்த நம் சகோதரிகளைக் கூட்டமாக அரசினர் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, மார்பகத்தையும் கருப்பை வாயையும் சோதித்து வரக் கருதியுளர். அச்சோதனை அங்கு இலவசம். தனியே செல்லக் கூசுவோர் கூட்டத்தோடு செல்லலாம். பெயர்களைச் செயலாளர் அம்மையார் இன்று குறித்துக்கொள்வார்.

எம் தமக்கையாரும் இன்று வந்துளார். மேடையேறிப் பேச அவர் இசையவில்லை. கூட்டம் கலைந்தபின் மாதர் அமர்ந்துள்ள அப்பக்கத்திலேயே, செங்கத்துப் பேருந்துக்கு நேரமாகும் வரை இருப்பார். எம்மிடம் கேட்கக் கூசும் வினாக்களை அவரிடம் கேளுங்கள்.